கடற்பசுவுக்கும் சந்தன மரத்துக்கும் ஒரே முத்திரை... ஒரே மருந்து போதுமா?

பாக் நீரிணையில் வலையில் சிக்கிய கடற்பசு ஒன்றை மீனவர்கள் வலையை அறுத்து விடுவிக்கிறார்கள். யாரோ ஒருவர் செல்போனில் படம் எடுக்கிறார். சாயங்காலத்துக்குள் அது ரீல்ஸ் ஆகி, 'மனிதம் சாகவில்லை' என்ற கேப்ஷனோடு நம் போனுக்கு வந்துவிடுகிறது. ஒரு ஹார்ட் போட்டுவிட்டு அடுத்ததுக்குத் தள்ளிவிடுகிறோம்.

அதே நாளில் மாவட்டச் செய்திப் பக்கத்தின் ஓரத்தில் நாலு வரி இருக்கும். 'பங்களா வளாகத்தில் சந்தன மரம் வெட்டித் திருட்டு, போலீசார் விசாரணை.' இதை யாரும் ஷேர் செய்வதில்லை. முழுசாகப் படிப்பவர்களே குறைவு.

ஐயுசிஎன் எனப்படும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்த இரண்டுக்கும் ஒரே முத்திரைதான் குத்தியிருக்கிறார்கள்: 'வல்னரபிள்'. எளிதில் அழியக்கூடிய நிலையில் இருப்பது என்று அர்த்தம். இதற்கு அடுத்த படி 'எண்டேஞ்சர்ட்', அதற்கும் அடுத்தது 'கிரிட்டிகலி எண்டேஞ்சர்ட்'. அப்புறம் காட்டிலோ கடலிலோ இல்லாமல் போவதுதான்.

ஒரே முத்திரை என்பதால் பிரச்சினையும் ஒன்று, தீர்வும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். 'அரிய உயிரினம், காப்போம், விழிப்புணர்வு, மரக்கன்று, போஸ்டர்.' இந்தப் பழக்கம்தான் இரண்டுக்கும் கெடுதல் செய்கிறது.

முத்திரை எதைச் சொல்கிறது?

சிவப்புப் பட்டியல் ஓர் எச்சரிக்கை மணி, அவ்வளவுதான். ஓர் இனம் பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைக் காலத்தில் 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தால், மற்ற நிபந்தனைகளும் பொருந்தும்போது இந்த முத்திரை விழும். எவ்வளவு குறைந்தது என்று அது சொல்லும். யார் குறைத்தார்கள், ஏன் குறைத்தார்கள், குறைத்தவருக்குச் சாப்பாட்டுக்கு வேறு வழி இருந்ததா என்பதெல்லாம் அதில் வராது.

உலக அளவிலான முத்திரை உள்ளூர் நிலவரத்தை மறைக்கவும் செய்யும். கடற்பசு உலக அளவில் 'வல்னரபிள்'தான். ஆனால் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரக் கடற்பசுக்கள் 'கிரிட்டிகலி எண்டேஞ்சர்ட்' என்றும், நியூ கலிடோனியாவில் உள்ளவை 'எண்டேஞ்சர்ட்' என்றும் 2022-ல் தனியாக அறிவிக்கப்பட்டன. சீனக் கடலில் இந்த இனம் நடைமுறையில் இல்லாமல் போய்விட்டது என்று அதே 2022-ல் ஓர் ஆய்வு சொன்னது. ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் மட்டும் சுமார் 10,000 கடற்பசுக்கள் இருப்பதால் உலகச் சராசரி கொஞ்சம் நன்றாகத் தெரிகிறது. அந்தச் சராசரியால் தஞ்சாவூர்க் கடலில் உள்ள கடற்பசுவுக்கு ஒரு பயனும் இல்லை.

பன்னிரண்டு என்ற எண்

ராமநாதபுரம் பக்கம் மீனவர்கள் இதை ஆவுளியா என்பார்கள். மூன்று மீட்டர் நீளம் வரை வளரும். 400 கிலோவைத் தாண்டக்கூடிய உடம்பு. ஆனால் தின்பது முழுக்கப் புல். கடற்புல்லை வேரோடு சேர்த்து ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ வரை மேயும். மேய்ந்த இடத்தில் மணலில் ஒரு தடம் விழும். அதைப் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். திமிங்கிலத்துக்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் யானைதான் இதற்கு நெருங்கிய உறவு.

மீன் மாதிரி இதற்குச் செவுள் கிடையாது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். செவுள் வலையில் சிக்கினால் மேலே வர முடியாது. கடலிலேயே வாழும் விலங்கு கடலில் மூழ்கிச் சாகிறது. கேட்க வினோதமாக இருக்கும், நடப்பது இதுதான்.

பிள்ளைப்பேறு இன்னும் சிக்கல். 13, 14 மாதம் கர்ப்பம். ஒரு தடவைக்கு ஒரு குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு இடைவெளி. முதல் குட்டி ஈனவே பல ஆண்டுகள் ஆகும். 70 வயது வரை வாழக்கூடியது என்பதால் இந்த மெதுவான கணக்கு இயற்கையில் கட்டுப்படியாகிறது, மனிதன் குறுக்கே வராதவரை.

எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஒரு கடற்பசுக் கூட்டம் ஆண்டுக்கு அதிகபட்சம் ஐந்து சதவீதம் அளவுக்குத்தான் பெருகும் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. இந்தியாவில் சுமார் 240 கடற்பசுக்கள் இருப்பதாகத் தமிழக அரசு சொல்கிறது. பெரும்பகுதி தமிழகக் கரையோரம்தான். 240-ல் ஐந்து சதவீதம் எவ்வளவு? பன்னிரண்டு.

யோசிச்சுப் பாருங்க. நாடு முழுவதும் வலையில் சிக்கி ஆண்டுக்குப் பன்னிரண்டு செத்தால் போதும். அத்தனை வளர்ச்சியும் சுழியாகிவிடும். பதின்மூன்றாவது செத்தால் எண்ணிக்கை இறங்க ஆரம்பிக்கும். மாதம் ஒன்று. இங்கே பெரிய கொள்ளைக் கூட்டம் தேவையில்லை, சர்வதேசக் கடத்தல் தேவையில்லை. வீட்டுச் செலவுக்கு மீன் பிடிக்கப் போன ஆளின் வலை போதும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டெல்லர் கடற்பசு என்ற பிரமாண்டமான விலங்கு பெரிங் கடலில் இருந்தது. 1741-ல் ஐரோப்பியர்கள் முதன்முதலில் பார்த்தார்கள். 1768-க்குள் கடைசி ஒன்றும் போய்விட்டது. 27 ஆண்டுகள்.

துளை போட்டுப் பார்க்கும் திருடன்

இப்போது மலை ஏறலாம். ஜவ்வாது மலை, சத்தியமங்கலம், கேரளத்தில் மறையூர், கர்நாடகத்தின் பழைய மைசூர்ப் பகுதி. இவை இந்தியச் சந்தனத்தின் பாரம்பரிய வீடுகள். திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கு இருப்பதே ஜவ்வாது மலையால்தான்.

சந்தனம் ஒரு பாதி ஒட்டுண்ணி. இலையில் தானே உணவு தயாரிக்கும். ஆனாலும் மண்ணுக்கு அடியில் பக்கத்து மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரும் சத்தும் உறிஞ்சும். அதனால் தனியாக நட்டு வளர்க்க முடியாது. துணைச் செடி வேண்டும். 'வீட்டுக்கு ஒரு சந்தன மரம்' என்று ஆர்வத்தில் கன்று வாங்கித் தொட்டியில் வைத்தவர்களின் செடி ஏன் வாடுகிறது என்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

வாசனை முழுக்க வைரத்தில்தான். வைரம் பாயத் தொடங்கவே சுமார் பத்து ஆண்டு ஆகும். நல்ல விலை கிடைக்கத் தோட்டத்தில் 15, 20 ஆண்டு; காட்டில் முப்பதைத் தாண்டும். எண்ணெய் வேரில்தான் அதிகம் என்பதால் மரத்தை அடியோடு பெயர்த்துத்தான் எடுப்பார்கள். மறுபடி துளிர்க்க அங்கே எதுவும் மிஞ்சாது. திருடர்கள் முதலில் தண்டில் சின்னதாகத் துளை போட்டு வைரம் பாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவதும் உண்டு. பாய்ந்திருந்தால் திரும்ப வருவார்கள். ஆக, காட்டில் முதலில் போவது முதிர்ந்த, நல்ல மரம். மிஞ்சுவது சோதா. அடுத்த தலைமுறைக்கு விதை கொடுப்பதும் அந்தச் சோதாதான்.

ஒரு சின்னத் திருத்தம், ஏனென்றால் இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. சந்தனம் வேறு, செம்மரம் வேறு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீசார் 20 பேரைச் சுட்டுக் கொன்றது செம்மர விவகாரத்தில். வீரப்பன் பெயரோடு ஒட்டிக்கொண்டது சந்தனம்.

வீரப்பன் 2004 அக்டோபரில் செத்தான். அதனால் சந்தனம் பிழைத்ததா? இல்லை. 1950-கள் வரை ஆண்டுக்குச் சுமார் 4,000 டன் சந்தன வைரம் எடுத்துக்கொண்டிருந்த நாடு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சில நூறு டன்னுக்கு இறங்கிவிட்டது. எல்லாப் பழியையும் ஒரு மீசைக்காரன் மேல் போட்டுவிட முடியாது. 1899-லேயே குடகில் கண்டறியப்பட்ட ஸ்பைக் நோய்க்கு இன்றுவரை மருந்து இல்லை. பூச்சிகள் மூலம் பரவுகிறது. இலை சிறுத்து, கிளை முள் மாதிரி விறைத்து, மரம் செத்துவிடும். காட்டுத்தீ, மேய்ச்சல் எல்லாம் கன்றுகளைக் காலி செய்கின்றன.

ஆனால் பெரிய வில்லன் வேறு ஒன்று. சட்டம்.

1792-ல் திப்பு சுல்தான் சந்தனத்தை ராஜ மரமாக அறிவித்தார். ராஜா போனார், ஆங்கிலேயர் வந்தார்கள், அவர்களும் போனார்கள். மரம் மட்டும் அரசின் பிடியிலேயே இருந்தது. உங்கள் பட்டா நிலத்தில் பறவை எச்சம் போட்டு ஒரு சந்தனக் கன்று முளைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்த்தால் வெட்டும் உரிமை உங்களுக்கு இல்லை. திருடு போனால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். விவசாயி என்ன செய்வார்? இரண்டு இலை விட்டதுமே பிடுங்கிப் போட்டுவிடுவார். பிடுங்கிப் போட்டார்கள். பாதுகாக்கப் போட்ட சட்டமே மரத்தை ஊருக்குள் வரவிடாமல் விரட்டியது.

கர்நாடகம் 2001-லும் தமிழ்நாடு 2002-லும்தான் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்காரருக்கே மரம் சொந்தம் என்றன. பட்டா நிலச் சந்தன மரங்களுக்கான விதிகளைத் தமிழ்நாடு 2008-ல் கொண்டுவந்தது. திப்பு காலத்திலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல். அதற்குள் மேற்கு ஆஸ்திரேலியாவின் குனுனுரா பகுதியில் நம்ம ஊர்ச் சந்தனத்தைத் தோட்டம் தோட்டமாக நட ஆரம்பித்துவிட்டார்கள்.

கவனித்தீர்களா? கடற்பசுவும் அங்கேதான் அதிகம், இந்தியச் சந்தனத் தோட்டமும் அங்கே. ஒரே நாடு, ஆனால் இரண்டு வெவ்வேறு வழி. சந்தனத்தை அவர்கள் பயிராக நினைத்தார்கள். கடற்பசுவுக்கு அது முடியாது. அதற்குப் பரந்த புல்வெளியும் வலை குறைந்த கடலும் கிடைத்தன.

யாருக்கு நஷ்டம்?

இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் ஒரு கேள்வியில் நிற்கிறது. இந்த உயிர் பிழைத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

சந்தனத்துக்கு விலை உண்டு. அந்த விலைதான் அதைக் கொன்றது. சட்டம் சரியாக இருந்தால் அதே விலை அதைக் காப்பாற்றவும் செய்யும். விவசாயி தன் மகள் கல்யாணத்துக்கு என்று நினைத்து நட்டு வைப்பார். கூடவே ஒரு ஆபத்தும் இருக்கிறது. தோட்டத்தில் லட்சம் கன்று நட்டுவிட்டு 'சந்தனம் மீண்டது' என்று அறிவித்துவிடலாம். மறையூர் காட்டில் தானாக முளைத்துப் பலவகை மரபணுவோடு நிற்கும் மரமும், நாற்றங்காலில் ஒரே மாதிரி விதையிலிருந்து வந்த தோட்ட மரமும் ஒன்றல்ல. நாளை ஸ்பைக் நோயைத் தாங்கும் மரம் கிடைக்கும் என்றால் அது அந்தக் காட்டுக் கூட்டத்திலிருந்துதான் கிடைக்கும்.

கடற்பசுவுக்கு இன்று சட்டப்படி விலையே கிடையாது. ஒரு காலத்தில் இறைச்சிக்காக வேட்டையாடினார்கள். இப்போது அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. நல்லதுதான். ஆனால் மீனவர் பக்கத்திலிருந்து பாருங்கள். அதிகாலையில் வலையை இழுக்கிறார். உள்ளே ஒரு ஆவுளியா. உயிரோடு இருந்தால் வலையை அறுக்க வேண்டும். வலை போச்சு, அன்றைய மீனும் போச்சு. செத்திருந்தால் இன்னும் மோசம். சொன்னால் கேஸ் வருமோ என்ற பயம். சொல்லாமல் கடலிலேயே தள்ளிவிட்டு வருவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. அப்படித் தள்ளப்பட்ட எதுவும் எந்தக் கணக்கெடுப்பிலும் வராது.

சந்தனக் கன்றைப் பிடுங்கிய விவசாயியும், செத்த கடற்பசுவைக் கடலில் தள்ளும் மீனவரும் கெட்டவர்கள் இல்லை. இரண்டு பேரையும் பயமுறுத்தியது ஒரே மாதிரியான சட்டம். விவசாயிக்கு 2002-ல் ஒரு வழி பிறந்தது. மீனவருக்கு?

அவருக்குப் பாதி வழி பிறந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் சுமார் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை. இந்தியாவில் முதல். இதை 'கன்சர்வேஷன் ரிசர்வ்' என்று வைத்ததுதான் புத்திசாலித்தனம். தேசியப் பூங்கா என்றால் மக்களை வெளியேற்றும் சட்டம். இதில் மீன்பிடி உரிமை அப்படியே இருக்கும், உள்ளூர் மக்களைக் கேட்டுத்தான் அறிவிக்க முடியும். வலையில் சிக்கியதை உயிரோடு விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பணப் பரிசும் பாராட்டும் கொடுத்துவருகிறது. மீனவப் பிள்ளைகளுக்குக் கடற்பசு பெயரில் கல்வி உதவித்தொகைகூட ஆரம்பித்தார்கள்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. டேராடூனில் உள்ள இந்திய வனஉயிரின நிறுவனம் 2016 முதல் நடத்திய கடற்பசு மீட்புத் திட்டத்துக்கு நிதி கொடுத்தது 'கேம்பா'. சுரங்கத்துக்கோ சாலைக்கோ காட்டை அழிப்பவர்கள் ஈடாகக் கட்டும் பணம் சேரும் நிதி அது. அதாவது எங்கேயோ மரம் விழுந்த காசில் கடற்பசு பிழைக்கப் பார்க்கிறது. கடலையும் காட்டையும் இணைக்கும் பாலம் என்று யாராவது கவித்துவமாகப் பேசினால், அது இந்த செக் புத்தகம்தான் என்று சொல்லிவிடலாம்.

பாதி வழி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பரிசு என்பது வேறு, இழப்பீடு என்பது வேறு. பரிசு, அதிகாரி மனசு வைத்தால் வரும்; சால்வை போர்த்தி, போட்டோ எடுத்துக் கொடுப்பது. இழப்பீடு என்பது உரிமை. அறுந்த வலைக்கு இவ்வளவு, போன மீனுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான், இருட்டில் நடுக்கடலில் கத்தியைக் கையில் எடுத்த ஆள் யோசிக்காமல் வலையை அறுப்பார். தவறுதலாகச் சிக்கிச் செத்ததைத் தகவல் சொல்பவர் மேல் வழக்கு இல்லை என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பன்னிரண்டு என்ற அந்த எண்ணை ஜெயிக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

'அப்படியென்றால் வேண்டுமென்றே பிடித்துவிட்டு, தவறுதலாகச் சிக்கியது என்பார்களே?' என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம். சிலர் செய்யவும் செய்வார்கள். ஆனால் இன்று ஒளிந்துபோகும் சாவுகளின் எண்ணிக்கையே தெரியாமல் இருப்பதைவிட, கொஞ்சம் பொய் கலந்த ஒரு பதிவேடு எவ்வளவோ மேல். உடலைப் பரிசோதித்தால் பொய்யைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. உடலே வராவிட்டால் எதற்கும் வழி இல்லை.

இன்னொரு பெரிய சங்கதி, யாரும் தொட விரும்பாதது: இழுவை மடி. கடற்புல் வெளிச்சம் படும் ஆழமில்லாத இடத்தில்தான் வளரும். இழுவை மடி அடித்தரையை வழித்துக்கொண்டு போனால் புல்லும் போகும், கலங்கிய தண்ணீரில் மிச்சமும் வாடும். இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது. அதே 2017-ல் பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற்ற இங்கே ஒரு திட்டம் வந்தது. இலக்கு 2,000 படகுகள். அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. படகுக்காரரைத் திட்டிப் பயனில்லை. கடன் அவர் தலையில், ஆழ்கடல் அனுபவமும் கிடையாது. ஆனால் பாதுகாப்பகம் என்று வரைபடத்தில் கோடு போட்டுவிட்டு, புல்லை வழிப்பதைப் பற்றிப் பேசாமல் இருப்பது, மாட்டுக்குத் தொழுவம் கட்டிவிட்டு மேய்ச்சல் நிலத்தை விற்பது மாதிரி. ஆவுளியாவுக்குப் பாஸ்போர்ட்டும் கிடையாது. மன்னார்ப் பக்கமும் போகும், இந்தப் பக்கமும் வரும்.

மல்லிப்பட்டினம் அருகே மனோராவில் சர்வதேசக் கடற்பசுப் பாதுகாப்பு மையம் ஒன்றை அமைக்க அரசு முடிவு செய்திருக்கிறது. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட சரபோஜி மன்னர் கட்டிய கோபுரம் நிற்கும் அதே இடம். பார்வையாளர்கள் வருவார்கள், செல்ஃபி எடுப்பார்கள், வரட்டும். அந்தக் கட்டடத்தில் கடல் பக்கமாக ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கலாம். அறுந்த வலையோடு காலையில் வரும் ஆளுக்கு அன்றைக்கே காசு எண்ணிக் கொடுக்கும் ஜன்னல்.